ஐந்து மணிக்கு எடுத்த படம்

அன்று மாலை ஐந்து மணிக்குக் கோயில் திடலில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, லோரி ஓட்டும் என் மச்சான், மஸ்ஜித் தானாவிலிருந்து பிரியாணி கொண்டுவந்த பாய், மைக் கட்டிக்கொண்டிருந்தவர், மூன்றாவது வரிசை நாற்காலிக்கு அடியில் படுத்திருந்த ஒரு நாய். வேறு யாரும் இல்லை. போலீஸ் கூப்பிட்டு விசாரித்தால் பதற்றத்தில் யாரையாவது விட்டுவிடுவேனோ என்று மறுநாளே இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டேன். இதுவரை யாரும் கூப்பிடவில்லை. தாள்தான் மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது.

நான் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவன். புலாவ் செபாங்கில் வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. கொட்டகை நிறைய நாற்காலி. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எதுவானாலும் மனிதர்கள் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவனுக்கு இதைவிடப் பயமில்லாத தொழில் கிடையாது என்று நினைத்துத்தான் இறங்கினேன். அரசியல்வாதிகளும் உட்காருவார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

மாநிலத் தேர்தல் வரப்போகிறது என்று ஊரில் ஒரு பேச்சு. எப்போது என்று யாருக்கும் தெரியாது. வரும் என்பதற்கு ஒரே அடையாளம், பல வருடமாகத் தோட்டத்துப் பக்கம் தலைகாட்டாதவர்கள் வந்து பிள்ளைகளின் தலையைத் தடவிவிட்டுப் போவதுதான். எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு தலைவர் உண்டு. கட்சி எது என்று எழுத மாட்டேன். எழுதினால் அதற்கும் ஒரு தாள் மடித்து வைக்க வேண்டி வரும். வேட்பாளராக நிற்க அவருக்கு ஆசை. மேலிடம் நம்ப வேண்டுமானால் கூட்டம் காட்ட வேண்டும். அதற்காகத் தோட்டத்துக் கோயில் திடலில் ஒரு மக்கள் சந்திப்பு, கூடவே பிரியாணி விருந்து.

அவருடைய செயலாளர் அம்மா போன் செய்தார். முந்நூறு நாற்காலி, ஆறு கூடாரம். நாற்காலி ஒன்றுக்கு ஒரு வெள்ளி இருபது காசு, கூடாரம் ஒன்றுக்குத் தொண்ணூறு வெள்ளி, லோரிக்கும் ஏற்றி இறக்கவும் நூற்றைம்பது. ஆக ஆயிரத்து ஐம்பது வெள்ளி. முன்பணம் இருநூறு கொடுத்தார்கள். மிச்சம் எண்ணூற்று ஐம்பது, நிகழ்ச்சி முடிந்த மறுநாள். அந்த எண்ணூற்று ஐம்பதை நம்பித்தான் என் லோரி நின்றுகொண்டிருந்தது. இரண்டு மாதத் தவணை கட்டவில்லை. இந்த வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மாதத்தையாவது கட்டாவிட்டால் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று கடன் கொடுத்த கம்பெனி கடிதம் போட்டிருந்தது. லோரி போனால் நாற்காலிகளை நான் தலையில்தான் சுமக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எல்லாருடைய நாற்காலியும் ஒரே நீலம், ஒரே பிளாஸ்டிக். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பேர் கொண்டுவந்தால் கலந்துவிடும். அதனால் ஆளுக்கு ஓர் அடையாளம் போட்டு வைப்போம். என்னுடையது முதுகில் இரண்டு சிவப்புக் கோடு. அப்படியும் ஒரு கல்யாண வீட்டில் முப்பது நாற்காலி குறைந்தது. “நீங்க கொண்டாந்ததே அவ்வளவுதான்லா” என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அதிலிருந்து, ஆட்கள் வந்து உட்காருவதற்கு முன்பே லோரியின் மேல் ஏறி நின்று, எல்லா நாற்காலியும் காலியாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் புலனத்தில் அனுப்பிவிடுவேன். ‘வாடகை’ என்று ஒரு குழு. அதில் நான், மனைவி, மச்சான் மூன்று பேர்தான்.

அன்றும் ஏறினேன். எடுத்தேன். வெயில் கண்ணைக் குத்தியது. ‘வாடகை’க்கு அடுத்து இருந்தது தோட்டத்துக் கோயில் குழு. அதில் இருநூறு பேருக்கு மேல். விரல் அங்கே போய்விட்டது.

இறங்கி வந்த பிறகுதான் பார்த்தேன். அழிக்க வேண்டும் என்று அந்தப் படத்தை அழுத்திப் பிடித்தேன். எல்லாருக்கும் அழிக்கவா, உனக்கு மட்டும் அழிக்கவா என்று கேட்டது. அவசரத்தில் எதையோ தொட்டேன். படம் மறைந்தது. அப்பாடா என்று மனைவியிடம் போனைக் காட்டினேன். அவள் தன் போனைக் காட்டினாள். அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள். படம் பளிச்சென்று இருந்தது. மேலே என் பெயர்.

“உங்களுக்கு மட்டும் அழிச்சிருக்கீங்க. ஊர்ல எல்லாரும் பாக்கலாம், நீங்க மட்டும் பாக்க முடியாது. பெரிய கெட்டிக்காரத்தனம்.”

“இப்ப என்ன பண்றது?”

“நாற்காலிதானே அனுப்புனீங்க, குண்டா அனுப்பினீங்க? போய் மேசைக்குத் துணி விரிங்க.”

ஏழரை மணிக்கெல்லாம் கூட்டம் வந்துவிட்டது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். முந்நூறு நாற்காலியும் நிறைந்து, பின்னால் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். தலைவருக்காக வந்தார்களா பாயின் பிரியாணிக்காக வந்தார்களா என்பது வேறு விஷயம். யார் எதற்காக வந்து உட்கார்ந்தார்கள் என்று என் நாற்காலிக்குத் தெரியாது. தலைவர் பேசினார். முன்னால் ஏழெட்டுப் பேர் போனைத் தூக்கிப் பிடித்து நேரலை செய்தார்கள். எல்லாப் போனும் தலைவரின் முகத்தைப் பார்த்தே இருந்தது. ஒருவரும் திரும்பிக் கூட்டத்தைப் படம் எடுக்கவில்லை. இந்தச் சின்ன விஷயம்தான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது.

மறுநாள் காலை பசியாறப் போன இடத்தில் பக்கத்து மேசைக்காரர் சிரித்துக்கொண்டே போனைக் காட்டினார். என் படம். கீழே ஒரு வரி: “பிரியாணி போட்டும் ஆள் வரலே.” அடுத்த காணொளியில் அதே படத்துக்குச் சோக இசை. அதற்கடுத்ததில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் நாயை வட்டம் போட்டுக் காட்டி, “இவரு ஒருத்தராவது வந்தாரே, நன்றி” என்றார். மத்தியானத்துக்குள் அதை ஜோகூரில் இருக்கும் என் சித்தி மகள் எனக்கே அனுப்பி, “அண்ணே, இது உங்க ஊர் பக்கம்தானே?” என்று கேட்டாள். என் போனில் நான் அழித்த படம் இப்படி ஊரைச் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்தது.

கோயில் குழுவில் யாராவது விரலால் மேலே தள்ளிப் பார்த்தால் போதும், அனுப்பியது யார் என்று தெரிந்துவிடும். என் பெயர் அங்கேயே உட்கார்ந்திருந்தது. ஆனால் அன்று அந்தக் குழுவில் ஒரே கூச்சல். “யார்டா எடுத்தது இத?” என்று ஒருவர். “எதிர்க்கட்சி ஆளு உள்ள வந்து எடுத்திருக்கான்” என்று இன்னொருவர். “நம்ம குழுவுல இருக்கற யாரும் பண்ணியிருக்க மாட்டாங்க” என்று குழு நிர்வாகி. இடையிடையே காலை வணக்கம், ரோஜாப்பூ, முருகன். ஒருவருக்கும் மேலே தள்ளிப் பார்க்கத் தோன்றவில்லை. உலகத்தில் நடப்பதையெல்லாம் அலசுகிறவர்கள், ஒரு முழம் மேலே போய்ப் பார்க்க மாட்டார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்தச் சோம்பேறித்தனம்தான் என்னைக் காப்பாற்றியது.

பாய் போன் செய்தார். “என்னாங்க, என் பிரியாணிக்கு ஆள் வரலேன்னு போடறானுங்க? சட்டியச் சொரண்டித்தானே கொண்டு வந்தேன்! நாலு பேரு எலும்ப வாங்கிட்டுப் போனாங்கலா! எனக்குல்ல கெட்ட பேரு?”

“பாய், படத்த எடுத்ததே நான்தான்.”

அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“காசு வாங்கிட்டீங்களா?”

“இல்ல பாய், இன்னிக்குத்தான்.”

“நான் சட்டிய அடுப்புல வைக்கறதுக்கு முன்னாடியே முழுசா வாங்கிட்டேன். அரசியல்காரங்க விருந்துன்னா வேற பேச்சே கிடையாது. போங்க, போய்க் கேளுங்க.”

அன்றைக்குப் போகத் தைரியம் வரவில்லை. மறுநாள் தலைவர் அறிக்கை விட்டார். அந்தப் படம் ஏஐ வைத்து உருவாக்கிய போலி. தமது செல்வாக்கைக் கண்டு பயந்தவர்களின் சதி. நிகழ்ச்சியில் போட்டது நூறு நாற்காலி மட்டுமே, அத்தனையும் நிறைந்திருந்தது. போலீசில் புகார் செய்தாகிவிட்டது. கூடவே ஒரு படம்: தலைவரின் தோளுக்குப் பின்னால் முன்வரிசைக் கூடாரம் ஒன்று மட்டும் தெரிந்தது. கூட்டத்துக்கு அவர்களிடம் இருந்த சாட்சி அவ்வளவுதான், அதற்குத் தக்கபடி நூறு நாற்காலி. மற்றதெல்லாம் தலைவரின் முகம்.

இரண்டு தடவை படித்தேன். வந்தது முந்நூற்றைம்பது பேர். அதை நூறாகக் குறைத்து, அதையே வெற்றி என்று சொல்லியிருந்தார்கள். என்னைக் கேட்டிருந்தால் உண்மை இதைவிடப் பெரிதாக இருந்ததே என்று சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை, தவணைக்கு ஒரு நாள் இருக்கும்போது, பில்லை எடுத்துக்கொண்டு புக்கிட் பெருவாங்கில் இருந்த அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது, ஐந்து மணிக்கு எடுத்தது என்று நானே காணொளியில் வந்து சொல்கிறேன் என்பது, தலைவர் பேர் கெடாது, அவர்களும் மகிழ்ந்து காசைக் கொடுப்பார்கள். பயத்தில் வருகிற யோசனை எல்லாம் போகும்போது நன்றாகத்தான் இருக்கும்.

செயலாளர் அம்மா நான் சொல்லி முடித்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“அண்ணே, அந்தப் படத்த நீங்க எடுக்கல.”

“எடுத்தேன் தங்கச்சி. லோரி மேல ஏறி நின்னு எடுத்தேன்.”

“இல்லண்ணே. அத கம்ப்யூட்டர் செஞ்சிச்சு. அறிக்கையில வந்திருச்சு, புகார்லயும் வந்திருச்சு. தலைவரு இப்ப இந்த விஷயத்துல பேசறதுக்கு கோலாலம்பூர் வரைக்கும் கூப்பிடறாங்க. போலிப் படத்தால பாதிக்கப்பட்டவருன்னு. நீங்க போய் நான்தான் எடுத்தேன்னு சொன்னா அவரு மூஞ்சிய எங்க வைப்பாரு?”

“ஆனா கூட்டம் நெறைய வந்துச்சே. அதச் சொல்லலாமே.”

“அதுக்குப் படம் இருக்கா?”

இல்லை. நான் பில்லை நீட்டினேன். அவர் வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“முந்நூறு நாற்காலின்னு போட்டிருக்கீங்க.”

“முந்நூறுதானே கேட்டீங்க.”

“அண்ணே, நாங்க நூறுன்னு அறிக்க விட்டிருக்கோம். இந்த பில்லுக்குக் காசு குடுத்தா, கணக்குல முந்நூறுன்னு ஏறும். யாராவது இத ஒரு படம் புடிச்சுப் போட்டா என்னா ஆகும்? உங்களுக்குத் தெரியாததா?”

எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

“ஒண்ணு பண்ணுங்க. நூறு நாற்காலி, ரெண்டு கூடாரம்னு வேற பில் எழுதிக் கொண்டாங்க. இப்பவே குடுக்கறேன்.”

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாற்காலி நூற்றிருபது, கூடாரம் நூற்றெண்பது, லோரிக்கு நூற்றைம்பது. நானூற்றைம்பது வெள்ளி. முன்பணம் போனால் கைக்கு வருவது இருநூற்றைம்பது. தவணைக்கு அது பற்றாது. அதைவிட, நாளைக்கு வருமான வரிக்காரரோ ஊழல் தடுப்புக்காரரோ வந்து, படத்தில் சிவப்புக் கோட்டோடு நிற்கிற மிச்ச இருநூறு நாற்காலி யாருடையது என்று கேட்டால்? கம்ப்யூட்டருடையது என்று என்னால் சொல்ல முடியுமா? பொய் பில்லில் என் கையெழுத்தல்லவா இருக்கும்? முடியாது என்று சொல்லிவிட்டேன். தைரியத்தில் சொல்லவில்லை. லோரி போய்விடும் என்ற பயத்தைவிட இந்தப் பயம் பெரிதாக இருந்தது.

“அப்ப தேர்தல் முடியட்டும்ணே” என்றார்.

“தேர்தல் எப்ப?”

“அது எங்களுக்கும் தெரியாதுண்ணே.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பில்லை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். “அந்தக் கெட்ட புத்தியில நூறுன்னு எழுதிக் குடுக்காம வந்தீங்களே, அதுவரைக்கும் சரி” என்றாள். அவள் என்னைப் பாராட்டுவது இந்த அளவுக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலை லோரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கம்பெனிக்காரனுக்கு முன்னால் பாய் வந்தார். தொழுகைக்குப் போகிற உடுப்பில் இருந்தார். ஓர் உறையை என் மடியில் போட்டார். உள்ளே சரியாக எண்ணூற்று ஐம்பது வெள்ளி.

“போய் லோரிக்குக் கட்டுங்க. அடுத்த வாரம் தம்பின் டவுன்ல எனக்கு ஒரு கல்யாணச் சமையல் இருக்கு, உங்க லோரி இல்லாம சட்டிய யாரு தூக்கறது?”

“பாய், எப்ப திருப்பித் தருவேன்னு…”

“தலைவரு உங்களுக்குக் குடுக்கற அன்னிக்கு எனக்குக் குடுங்க.”

“அப்ப இனாமாத் தர்றேன்னு சொல்லுங்க.”

“அது வேற விஷயம்லா” என்று சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

அந்தப் படத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எந்தக் கட்சியும் நாற்காலி அதிகம் எடுப்பதில்லை. இருநூறு பேருக்கு ஐம்பது போதும் என்கிறார்கள். மிச்சப் பேர் நிற்கட்டுமாம். நின்றால்தான் படத்தில் கூட்டமாகத் தெரியுமாம். போன மாதம் எதிர்க்கட்சிக் கூட்டத்தில் முழங்கால் வலியோடு ஒரு அத்தை நின்றுகொண்டே இருந்தார். லோரியில் இருந்து ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டேன். ஒருவர் ஓடி வந்து, அவர் எழுந்து போனால் அது காலியாகத் தெரியும் என்று எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. அத்தை எழுந்திருக்கும் வரை அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றேன், காலியானால் நானே உட்காரலாம் என்று.

தலைவர் இப்போது போலிச் செய்தியின் ஆபத்தைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறார். பின்னால் திரையில் என் படத்தைப் பெரிதாகக் காட்டுகிறார்களாம். நாய்கூடத் தெளிவாகத் தெரிகிறதாம். நான் மாதம் ஒரு முறை செயலாளர் அம்மாவுக்குப் போன் செய்கிறேன். தேர்தல் தேதி இன்னும் வரவில்லை என்கிறார். பாய் என்னைக் கேட்பதில்லை. பார்க்கும்போது சிரிப்பதோடு சரி. பில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. தலைவர் எனக்குத் தர வேண்டியது, நான் பாய்க்குத் தர வேண்டியது, இரண்டும் எண்ணூற்று ஐம்பது வெள்ளி.