சத்தம் நின்றுபோன கடற்சண்டை

2007-ஆம் வருடக் கோடை. செகந்திராபாத்தில் ஒரு பழைய தியேட்டர், ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோ. கடற்கொள்ளைக்காரர்களைப் பற்றிய ஓர் ஆங்கிலப் படத்துக்கு என் கணவரை ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

அவருக்குக் கச்சிபௌலியில் சாஃப்ட்வேர் வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு போனில் பேசுவதுதான் அதில் பாதி. தை மாதம் வந்த மூளைக்காய்ச்சலிலிருந்து பிழைத்து எழுந்தார். ஆனால் இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காமல் போய்விட்டது. தன் குரல் தனக்கே கேட்காததால் எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்றும் தெரியவில்லை. ஒருநாள் பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அதோடு வெளியில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். நான் சொல்ல வேண்டியதைச் செல்போனில் தட்டிக் காட்டுவேன், படித்துவிட்டுத் தலையாட்டுவார். நான் இதே செகந்திராபாத்தில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். என் தமிழில் பாதி இந்தி என்று ஓயாமல் கேலி செய்துகொண்டிருந்த மனுஷன், இப்போது கேலி செய்யக்கூட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்று காலையில்தான் சொன்னார்: “வேலைய விட்டுடறேன். நாகப்பட்டினத்துக்கே போயிடலாம். அங்க வீட்டுக்குள்ளயே இருந்துக்கலாம்.”

எனக்குப் பயமாக இருந்தது. ஊருக்குப் போவதில் பயமில்லை. அந்த ‘வீட்டுக்குள்ளயே’ என்ற வார்த்தைதான் என்னவோ செய்தது. அவர் அங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர், கப்பல் படம் என்றால் உயிரை விடுவார். அந்த ஒரே நம்பிக்கையில்தான் டிக்கெட் வாங்கினேன்.

முதல் பாதி முழுக்கப் பேச்சு, பேச்சு, பேச்சு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் சின்னச் சமோசா வாங்கிக் கொடுத்தேன். தொடவில்லை. “கிளம்பலாமா?” என்று உதட்டை மட்டும் அசைத்தார். ‘கடைசிச் சண்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம்’ என்று தட்டிக் காட்டினேன். பெருமூச்சு விட்டு உள்ளே வந்தார்.

அந்தச் சண்டை வந்தது. விடியற்காலைக் கடல், பால் மாதிரிப் பனி. இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் இரண்டு பக்கமும் வந்து நிற்கின்றன. நடுவில், பாய் கிழிந்த கொள்ளையர்களின் சின்னக் கப்பல். முதல் பீரங்கி வெடித்ததில் நாற்காலியே அதிர்ந்தது. அடுத்தது வெடிக்கும்போது தியேட்டரில் சத்தம் நின்றுபோனது. படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டம் சும்மா இருக்குமா? விசில், கூச்சல். “அரே, ஆவாஜ் கிதர் கயா?” என்று இந்தியில் ஒருவர். “சவுண்டு பெட்டண்டி!” என்று சவுண்டைப் போடச் சொல்லித் தெலுங்கில் இன்னொருவர். எல்லோரும் எழுந்து பின்னால் திரும்பி ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கத்தினார்கள். என் கணவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். ‘சவுண்ட் போயிடுச்சு’ என்று தட்டிக் காட்டினேன்.

படித்தார். “எல்லாருக்குமா?” என்று உதட்டை அசைத்துக் கேட்டார்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தலையாட்டினேன்.

அப்போதுதான் எங்களுக்கு முன்வரிசையைக் கவனித்தேன். கல்லூரி வயதில் பத்துப் பன்னிரண்டு பேர், பையன்களும் பெண்களும். அவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. திரை வெளிச்சத்தில் அவர்கள் கைகள் அசைந்துகொண்டே இருந்தன. ஒருத்தி விரல்களை விரித்து வெடித்துக் காட்ட, பக்கத்தில் இருந்தவன் உள்ளங்கையைச் சாய்த்துக் கப்பலைத் திருப்பினான். அத்தனை பேருக்கும் காது கேட்காது என்று எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரமானது.

கத்திக் கத்திக் களைத்து, கூட்டமும் மெல்ல உட்கார்ந்தது. மின்விசிறியின் முனகல் மட்டும் இருந்தது. அலை சத்தமில்லாமல் எழுந்து சத்தமில்லாமல் உடைந்தது. பாய்மரம் ஒன்று தீப்பற்றி, தூக்கத்தில் சாய்வது போல மெதுவாகத் தண்ணீரில் சாய்ந்தது. யாரோ காணும் கனவுக்குள் நாங்கள் எல்லோரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. பனிக்குள் அந்தச் சின்னக் கப்பல் நழுவி வெளியேற, அது போனது தெரியாமல் இரண்டு போர்க்கப்பல்களும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன.

முன்வரிசை முழுக்க எழுந்து நின்றது. கைகளை உயரத் தூக்கி, விரல்களை விரித்து, மணிக்கட்டைச் சுழற்றினார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வெளிச்சத்தில் அத்தனை கைகளும் இலைகள் போல ஆடின. திரும்பிப் பார்த்தேன். என் கணவரும் இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார்.

படம் முடிந்து வெளியே வந்தால், எதிர்ப்பக்க இரானி ஹோட்டலில் அந்தக் கூட்டம். மேஜையைச் சுற்றி நின்று மறுபடியும் அதே சண்டையை நடத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு டீ கிளாஸ்கள் போர்க்கப்பல்கள், ஒரு உஸ்மானியா பிஸ்கட் கொள்ளைக்கப்பல். கணவர் அங்கேயே நின்றுவிட்டார். மஞ்சள் சுடிதார் போட்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவர் தன் காதைத் தொட்டு, கையை விரித்து ‘இல்லை’ என்றார். முன்பின் தெரியாதவர்களிடம் அவராகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் முகத்தில் பரிதாபமே இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, மேஜையில் இடம் விட்டாள். அவ்வளவுதான்.

இவர் பிஸ்கட்டை எடுத்து, ‘காற்று அந்தப் பக்கம் அடித்திருந்தால் கப்பல் இப்படிப் போயிருக்காது’ என்று ஊதிக் காட்டினார். ஒரு பையன் விடவில்லை. கைக்குட்டையைப் பாய் மாதிரி விரித்துத் திருப்பிக் காட்டி மறுத்தான். எந்தக் கப்பல் முதலில் சுட்டது என்று பெரிய வாக்குவாதம். அவர்களுடைய மொழியில் இவருக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் மஞ்சள் சுடிதார் பிஸ்கட்டை அப்படியே வாயில் போட்டுச் சண்டையை முடித்துவைத்தாள். இவர் வெடித்துச் சிரித்தார். ஹோட்டலே திரும்பிப் பார்த்தது. அவர் நிறுத்தவில்லை.

பஸ்ஸில் வரும்போது, அந்தப் பையன் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டைக் காட்டி, “அடுத்த ஞாயித்துக்கிழமை பார்க்குல கூடுவாங்களாம். நீயும் வர்றியா?” என்றார். கொஞ்சம் உரக்கத்தான் சொன்னார்.

“ஹவ்!” என்று நானும் உரக்கச் சொன்னேன். என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, “இதுக்குத் தமிழ்ல ‘ஆமா’ன்னு ஒரு வார்த்தை இருக்கு” என்றார்.

நாகப்பட்டினம் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. நாங்கள் இருவரும் அந்தக் கை மொழியைக் கற்றுக்கொண்டோம். அலுவலகத்தில் போன் பேசத் தேவையில்லாத பிரிவுக்கு மாற்றல் கேட்டார், கொடுத்தார்கள். காது திரும்பக் கேட்கவில்லை. சில நாட்கள் இன்னமும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். அப்போது நானும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

துவண்டுபோன ஒருவரை எழுப்ப ஆறுதல் வார்த்தைகளைத் தேடித் தேடி நான் அலைந்துகொண்டிருந்தபோது, ஒரு வார்த்தைகூட இல்லாமல் தங்கள் சந்தோஷத்தில் அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்த அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம், இன்றைக்கும் என் கைகள் தானாகவே உயர்கின்றன.