பின்தங்கி ஓடிய கைக்கடிகாரம்

தாம்பரம் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் அவர். நரை விழுந்த தாடி, இஸ்திரி கலையாத சட்டை. அவருடைய கைக்கடிகாரம் எப்போதும் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியே ஓடும். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் அவர் டிபன் பாக்ஸ் மூடியே இருக்கும். கேட்டால் சிரிப்பார்.

பள்ளிக்கரணையில் மழைநீர் ஏறி இறங்குவதைக் கணினியில் சமன்பாடுகளாக எழுதிக்கொண்டிருந்தோம். சதுப்பு நிலம் என் பங்கு, கால்வாய் அவர் பங்கு. ஒரு மதியம் இரண்டையும் சேர்த்தபோது மென்பொருள் ஏற்கவே இல்லை. எரிச்சலில் மேசையைத் தட்டினேன்.

அவர் திரையைப் பார்த்தார். “சார், சமன்பாட்டுல வர்ற நேரத்தை நீங்க ஒரு தடவை, நான் ஒரு தடவை தனித்தனியா டிக்ளேர் பண்ணியிருக்கோம். பேரு ஒண்ணுதான், ஆனா சாஃப்ட்வேருக்கு அது ரெண்டும் வேற வேற.”

தன்னுடையதை அழித்துவிட்டு என்னுடையதை எடுத்துக்கொண்டார். திரையில் கால்வாயில் தண்ணீர் ஓடியது.

“உங்களோடதையே வெச்சிருக்கலாமே?” என்றேன்.

“யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்தா போதும் சார்.” கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். “இது துபாய் டைம். மிஸஸ் அங்க நர்ஸ். இப்பதான் அவங்களுக்கு லஞ்ச்.”

ஆறிப்போன சோற்றை அவ்வளவு ஆசையாகச் சாப்பிட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.