கெசையா வரிசைக்குப் பிந்திய நாள்

ஆம்புரோஸ் டில்லட் கடைசி முப்பத்தைந்து வருஷமும் மேயர்களைத்தான் வரைந்தார். தங்கச் சங்கிலி, அதைத் தாங்க ஒரு தொப்பை, கையில் சுருட்டிய காகிதம். இளமையில் லண்டன் ஏழைகளை வரைந்து ஊரையே அழ வைத்தவர் ஏன் இப்படி ஆனார் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள். "ஏழை பாவம் மெலிஞ்சு போயிருக்கான், மேயர்னா படச்சட்டம் பூரா நிறைஞ்சு உட்காருவாருல்ல!" என்று மழுப்புவார். சிரிப்பு உதட்டோடு சரி.

நாட்டிங்காமில் லேஸ் ஆலைத் தொழிலாளிக்குப் பிறந்தவர். வாரப் பத்திரிகைகளுக்கு மரக்கட்டையில் படம் செதுக்கித்தான் மேலே வந்தார். பசி என்றால் என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்திரண்டு வயதில் ஒரு சுவர் அகல ஓவியத் திரைச்சீலையை விரித்தார். பனிக்காலச் சாயங்காலம், இலவச விடுதிக் கதவுக்கு முன்னால் நிற்கும் வரிசை. வீடில்லாதவர்களை ஒரு ராத்திரி படுக்க விடும் இடம் அது. ஐந்து மணிக்குக் கதவு திறக்கும். நாற்பது தலை உள்ளே போனதும் மூடிவிடுவார்கள். நாற்பத்தோராவது ஆளுக்குத் தெருதான்.

அந்த வரிசையிலிருந்தே கெசையாவை அழைத்து வந்தார். தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்தவள். கப்பலேறிய புருஷன் போனவன் போனவன்தான். இடுப்பில் இரண்டு வயது எஃபி. அசையாமல் நிற்பதற்குக் கூலி என்றதும், "நிக்கறதுக்கா காசு? இத்தனை நாளு சும்மால்ல நின்னுட்டிருந்தேன்!" என்று சிரித்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "நாலு மணிக்கு விட்டுடணும் ஐயா. அதுக்கு மேல போனா இடம் கிடைக்காது."

மூன்று வாரம் சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்கு, பல நாள் புகைமூட்டத்துக்குப் பிறகு, ஜன்னல் வழியே நல்ல வெளிச்சம் வந்தது. குழந்தையை அணைத்த தாயின் கை, அதுவரை கட்டையாகக் கிடந்தது, திரையில் உயிர் பெற ஆரம்பித்தது.

"ஐயா, நாலு அடிச்சிருச்சு."

"தெரியும்மா. இந்த விரல் மட்டும்."

"வரிசை போயிரும் ஐயா."

"வரிசையைத்தானம்மா வரையறேன்? அசையாம நில்லு!"

நின்றாள். அவர் விட்டபோது நாலரை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். விடுதிக்கு அரை மணிக்கு மேல் நடை. இனி இடம் கிடைக்காது என்பது ஜன்னலில் நின்று பார்த்த அவருக்கு நன்றாகவே தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் தூரம்தான். அறையில் அடுப்பு இருந்தது, சோபாவும் இருந்தது. ஆனால் மறுநாள் மதியம் மான்செஸ்டரிலிருந்து படம் வாங்க ஒரு பெரிய மனிதர் வருகிறார். மனைவி லவீனியா புதுக் கம்பளம் விரித்திருந்தாள். பேன் ஏறினால் என்ன செய்வது? ஆலைத் தொழிலாளியின் மகனுக்கு அப்போது தோன்றியது அதுதான். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். அன்றிரவு பனியும் மழையுமாகக் கொட்டியது. அவர் தூங்கினார், நன்றாகவே தூங்கினார்.

காலை ஒன்பதுக்குச் சரியாகக் கெசையா வந்து நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா, சால்வை நனைஞ்சு நிறம் மாறிப்போச்சு. படத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"எங்கம்மா படுத்தீங்க?"

"பாலத்துக்குக் கீழ. நாங்க மட்டுமா? கூட்டமா இருந்துச்சு." அவருக்கு அவள் ஆறுதல் சொன்னாள்!

எஃபி அழக்கூட இல்லை. குழந்தையின் உதடு சாம்பலும் நீலமும் கலந்து கிடந்தது. மூன்று வாரமாக அவர் குழைத்துக் குழைத்துத் தோற்ற நிறம்.

"பாப்பாவ அடுப்புகிட்ட வச்சுக்கவா ஐயா?"

"ஒரு நிமிஷம்," என்றார்.

கூலி வாங்கிப் போனவள் மறுநாள் வரவில்லை. வரிசையில் ஏழெட்டு நாள் போய்த் தேடினார். அவளும் இல்லை, குழந்தையும் இல்லை.

வசந்தத்தில் கண்காட்சி. கூட்டம் மேலே விழாமலிருக்கப் படத்துக்கு முன்னால் கம்பித் தடுப்பு போட வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் ஓவியனுக்கு அதைவிடப் பெரிய கிரீடம் கிடையாது. தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு சீமாட்டி கண்ணைத் துடைத்தாள். "அந்தக் குழந்தை உதட்டைப் பாருங்களேன்! இந்த மனுஷனுக்கு எவ்வளவு இரக்கம்!" டில்லட்டுக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது. பின்வாசல் வழியாக வெளியே நழுவினார். அதன்பின் எந்த ஏழையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் வெட்கம் பிடுங்கித் தின்றது. மேயர்களுக்குப் போக வீடு இருந்தது.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எழுபதாவது வயதில், நெஞ்சுச் சளியோடு படுக்கையில் கிடந்தபோது லவீனியாவிடம் சொன்னார்.  அவள் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

"கம்பளம் விரிச்சவ நான்தானே, என்மேலயும்தான் தப்பு. போகட்டும். காலையில வந்தப்பவாவது அந்தக் குழந்தைய அடுப்புகிட்ட உட்கார வச்சீங்கள்ல?"

"வச்சேன்."

"அது போதும்ங்க."

"உதடு வரைஞ்சு முடிச்சப்புறம், லவீனியா. பதினொரு மணிக்கு."