விருந்தாளிப் பதிவேட்டில் அழகு துரை

வடக்கு ஜாவாவின் கடலோரத்தில் எங்கள் பேட்டை. இங்கே எலியை யாரும் எலி என்று சொல்வதில்லை. சொன்னால் கோபித்துக்கொண்டு கூட்டத்தோடு வருமாம். ‘டென் பாகுஸ்’ என்போம். அழகு துரை என்று பொருள்.

பக்கத்து வீட்டு நாத்தினாவை நான் சித்தி என்பேன்; புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பேயைப் பொரித்து விற்பவள். கடல்நீர் தெருவில் ஏறும் நாட்களில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே பொரிப்பாள். கணவர் சுகார்டி வண்டி தள்ளுவார். அவர் காலில் ஆறாத புண்.

அந்த வருடம் நீர் வடிந்ததும் அவர்கள் கூரையிலும் அரிசிப் பானையிலும் எலிகள். பின்தெருவில் எலிக்காய்ச்சலில் ஒருவர் இறந்திருந்தார். புகார் கொடுத்தால் பேட்டை அலுவலகத்தார் வந்து மருந்து வைப்பார்கள். அழுக்குத் தண்ணீரிலிருந்து புண் வழியாக ஏறும் காய்ச்சல் அது; சித்தி கணவரின் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீதான் காலேஜ் படிச்சவ. எழுதிக் குடு அம்மாடி.”

“என்னன்னு எழுத?”

“அழகு துரை நெறைய பேர் வந்து தங்கியிருக்காங்க, போக மாட்டேங்கிறாங்கன்னு எழுது.”

“எலின்னு எழுதினாத்தானே சித்தி...”

சட்டென்று என் வாயைப் பொத்தினாள். “வாயக் கழுவுடி! படிச்சா பயமே விட்டுப்போயிடுமா?”

கட்டிலிலிருந்து சித்தப்பா சிரித்தார். “பேரு, ஊரு எல்லாம் கேட்டு எழுதும்மா. கும்மாளம் தாங்கல.”

அவள் சொன்னபடியே எழுதினேன். அலுவலகம் போகும் வழியில் ஒரு சொல்லை மாற்றியிருக்கலாம். மாற்றாதது அவள்மேல் வைத்த மரியாதையா, எனக்குள்ளும் இருந்த பயமா? இன்றுவரை தெரியவில்லை. வேறு தீவிலிருந்து புதிதாக வந்திருந்த எழுத்தர் வாங்கி முத்திரை குத்தினார்.

பத்து நாளாக யாரும் வரவில்லை. நான் போய்க் கேட்கவும் இல்லை. பதினோராம் நாள் சித்தப்பாவுக்குக் காய்ச்சல். கண் மஞ்சளானது, மூத்திரம் நின்றது. ஆஸ்பத்திரியில் மூன்றே நாள்.

அடக்கம் முடிந்து அலுவலகம் போனோம். எழுத்தர் புகார்ப் பதிவேட்டைப் புரட்டினார். இல்லை. அடுத்த பதிவேட்டை எடுத்தார். வெளியாள் வந்து தங்கினால் தெரிவிக்க வேண்டுமே, அதற்கானது. அதில் இருந்தது:

‘பெயர்: பாகுஸ். ஆட்கள்: பலர். அடையாள அட்டை நகல் வரவில்லை.’

“நகலுக்காகத்தான் காத்திருந்தேன்,” என்றார். “யாரும்மா இவரு, ஒங்க சொந்தமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி சொன்னாள்.

“எலி.”

அவருக்குக் கேட்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு இன்னும் உரக்கச் சொன்னாள்.

“எலி சார். எலின்னு எழுதுங்க.”

சொல்லிவிட்டு, பழக்கத்தில், நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.