அட்மின் அக்கா நிராகரித்த முடிவு

விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் அந்த லாண்டரியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒரு நாடகத்துக்காக ரத்தம் சிந்தியது. சிந்தியது குண்டூசியின் உதட்டில். சிந்த வைத்தவள் அட்மின் அக்கா. ஈரத் துண்டை முறுக்கி முகத்திலேயே ஓங்கி ஒரு போடு போட்டாள்.

நாடகம் என்றால் பெரிய காவியம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காதலும் கண்ணீரும், வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு பாகம், போனில் பார்ப்பது. கதாநாயகனுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் ஹெல்மெட். முதல் பாகத்திலேயே கூடப் படிப்பவன் மண்டையை ஹெல்மெட்டால் பிளந்தவன். ஒன்பதாம் பாகத்தில் காதலியின் மணிக்கட்டை முறித்தான். கடைசிப் பாகத்தில் மண்டியிட்டு அழுதான், அவளும் மன்னித்துவிட்டாள்.

"எலும்பை ஒடிச்சவனைப் போய்க் கட்டிப் பிடிக்கிறா! ஜெயில்ல போட வேணாமா அவனை?" என்று ஆரம்பித்தவள் குண்டூசி. துண்டு மடிக்கிற வேலை, குத்துகிற வாய்.

"அப்பன்காரன் அடிச்சு அடிச்சு வளர்த்த பிள்ளைடி அவன். எங்க ஆரம்பிச்சு எங்க வந்து நிக்கிறான் பாரு. அதுக்குப் பேருதான் கேரக்டர் ஆர்க்" என்றாள் அட்மின் அக்கா.

"ஆர்க்காவது மண்ணாவது! உன் தம்பிக்கு வக்காலத்து வாங்கற மாதிரியே பேசறியே."

அதற்குத்தான் துண்டு பறந்தது. குண்டூசி சும்மா இருப்பாளா, அக்காவின் கொண்டையைப் பிடித்து இஸ்திரி மேசையில் மோதினாள். மேற்பார்வையாளர் ஓடிவந்து பிரிப்பதற்குள் இரண்டு பேருக்கும் நன்றாகவே கிடைத்திருந்தது.

அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை, ஆக நேரமில்லை. அவளுக்குப் பதிமூன்று வயதாகும்போது அம்மா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போனாள். மிஞ்சியது பெல்ட்டைக் கழற்றத் தெரிந்த அப்பாவும் ஆறு வயதுத் தம்பியும். அப்பா அடித்து ஓய்ந்ததும் அவள் தம்பியைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், வாளியைக் கவிழ்த்து அதில் உட்காரவைத்து, தலை சீவிவிடுவாள். "வலி போச்சா?" என்று கேட்பாள். அவன் "போச்சு" என்று சொல்லும்வரை சீவுவாள். பதினைந்து வயதில் லாண்டரிக்கு வந்தாள், அவனைப் படிக்கவைத்தாள், கல்யாணமும் செய்துவைத்தாள். அவன் பொண்டாட்டி மேல் கைநீட்டுகிறான் என்று தெரிந்தபோது, "கோவக்காரன், ஆனா மனசு தங்கம்" என்றாள். போன வருடம் அந்தப் பெண் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே போய், நான் பொறுப்பு என்று கையடித்துச் சத்தியம் செய்து திரும்ப அழைத்து வந்தவளும் இவள்தான். அவள் வாய் திறக்கும்போதெல்லாம் இவள் முந்திக்கொண்டு தம்பிக்குச் சமாதானம் சொல்வாள். ஒரு வாக்கியத்தை அந்தப் பெண் முடித்ததே கிடையாது.

நாடகத்தின் ரசிகர் குழுவை நடத்துவது அக்கா. நானூறு பேர். கதை முடிந்த பின் ஒரு வாரம் யார் வேண்டுமானாலும் தங்கள் முடிவை எழுதி அனுப்பலாம். அக்கா சம்மதித்தால்தான் மற்றவர்கள் கண்ணில் படும். இந்தத் தடவை கண்டிஷன் ஒன்றே ஒன்று: திருந்தினவனைத் திரும்பக் கெடுக்கக் கூடாது.

மத்தியானம் வீங்கிய நெற்றியோடு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே வந்த முடிவுகளைப் பார்த்தாள். 'ஜன்னலோரம்' என்ற பெயரில் ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு ஹெல்மெட் மனைவியின் விரல்களை அலமாரிக் கதவில் வைத்துச் சாத்துகிறான். அக்கா அதற்கு மேல் படிக்கவில்லை. "ஏத்துக்க முடியாது. அவன் திருந்திட்டான். கேரக்டர் உடையுது" என்று தட்டிவிட்டாள்.

பதில் உடனே வந்தது. "முழுசாப் படிங்க. நீங்க மட்டும் படிச்சாப் போதும்."

மீதியைப் படித்தாள். கதவைச் சாத்திய பின் அவன் அழுகிறான். வாளியைக் கவிழ்த்து மனைவியை அதில் உட்காரவைத்துத் தலை சீவுகிறான். வலி போச்சா என்று கேட்கிறான். போச்சு என்று அவள் சொல்லும்வரை சீவுகிறான். இன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லப் போவதில்லை என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். அங்கே நின்றது கதை.

அக்கா மறுபடியும் படித்தாள். வாளி நாடகத்தில் கிடையாது. அந்தக் கேள்வியும் கிடையாது. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயம், மூன்றாவதாக ஒருத்தி உடம்பால் தெரிந்துகொண்டிருக்கிறாள். சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

தம்பி வீட்டுக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. மாற்றுச் சாவி அவளிடம் இருந்தது. சாவியை நுழைக்கும்போதே குரல் கேட்டது. "வலி போச்சா?" பதில் இல்லை. பளாரென்று ஓர் அறை. "போச்சான்னு கேக்கறேன்ல!"

உள்ளே தம்பி பொண்டாட்டி வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். இடது கை விரல்கள் நசுங்கி, ரத்தம் காய்ந்து, நகம் கழன்று தொங்கியது. சீப்பின் பல் கிழித்துக் கிழித்து நெற்றிவரை ரத்தம் இறங்கியிருந்தது. தம்பி தேம்பிக்கொண்டே சீவினான்.

"வந்துட்டியாக்கா? இவ சொல்லவே மாட்டேங்கிறா" என்றான், பிராது கொடுக்கிற பிள்ளை குரலில்.

"எந்திரிம்மா" என்றாள் அக்கா அந்தப் பெண்ணிடம்.

அவன் குறுக்கே வந்தான். அக்கா அவனைத் தள்ளினாள். அவன் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான், ஒரு தடவை, இரண்டு தடவை. பல் உடைந்து நாக்கில் குத்தியது. அவள் அவன் கையைக் கடித்தாள், கடித்த பிடியை விடவில்லை. அவன் முழங்காலால் அவள் வயிற்றில் இடித்தபோது பின்னாலிருந்து வாளி அவன் தலையில் இறங்கியது. இரும்பு வாளி. நல்ல கையால் அதைத் தூக்கி அடித்திருந்தாள் அவன் பொண்டாட்டி. அடித்த வேகத்தில் தானும் விழுந்தாள்.

தம்பி சரிந்து உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

"அக்கா, வலிக்குதுக்கா. இனிமே தொட மாட்டேன். சத்தியமாக்கா."

அக்காவின் கை தானாகவே அவன் தலைக்குப் போனது. இருபத்தெட்டு வருடப் பழக்கம் ஒரு நிமிடத்தில் போய்விடுமா? மயிரைத் தொட்டுவிட்டது. பெற்ற பிள்ளையாக வளர்த்தவன். அவனைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு வெடித்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொண்டாள். தரையில் கிடந்தவளை அணைத்துத் தூக்கி வெளியே கொண்டுவந்து, கதவைப் பூட்டினாள்.

ஆஸ்பத்திரியில் விரல்களுக்குக் கட்டுப் போட்ட நர்ஸ், "கதவுல தெரியாம மாட்டிக்கிச்சா?" என்று கேட்டாள். அந்தப் பெண் அக்கா முகத்தைப் பார்த்தாள். இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் எப்போதும் முந்திக்கொள்வது நாத்தனார்தானே.

"அவளையே கேளுங்க" என்றாள் அக்கா, உடைந்த பல்லோடு. "நடுவுல நான் பேச மாட்டேன்."

சொல்லி முடிக்க அந்தப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் ஆனது. பெண் காவலர் ஒருவர் வந்து எழுதிக்கொண்டார். தம்பி பூட்டிய வீட்டில் இருக்கிறான், தலையில் அடிபட்டிருக்கிறது, டாக்டரையும் அனுப்புங்கள் என்று மட்டும் அக்கா சொல்லிச் சாவியைக் கொடுத்தாள்.

"இது வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார் காவலர்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. "மூணு வருஷமாத் தெரியும். தப்பிச்சுப் போனவளைத் திரும்ப அவன்கிட்ட கொண்டுவந்து விட்டதே நான்தான்."

காவலரின் பேனா நின்றது. "இதை எழுதினா உங்க மேலயும் கேஸ் வரும்மா."

"வரட்டும். எழுதுங்க."