அம்மாவுக்குப் போட்ட நாற்காலி

என் பள்ளி வேனில் வரும் பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அங்கிள், நீங்க பேய் பாத்திருக்கீங்களா?" வண்டி ஓட்டிக்கொண்டே பதில் சொன்னால், பிள்ளைகளே, நீங்கள் கத்துவீர்கள். அதனால் எழுதித் தருகிறேன்.

என் மகள் மருத்துவ உளவியல் படிக்கிறாள். மனம் நொந்து வருகிறவர்களோடு பேசியே அவர்களைத் தேற்றுகிற வேலை அது. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இறந்த அன்று அவள் கோலாலம்பூரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிகிற வரைக்கும் நான் போன் செய்யவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் அவள் பேசியதெல்லாம் "சாப்டேன்", "வரேன்" மட்டும்தான்.

பயிற்சிக்காக எங்கள் ஊரான பினாங்குக்குத் திரும்பி வந்தவள், ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். "யாராவது அம்மான்னு ஆரம்பிச்சாலே எனக்கு வாய் அடைச்சிடுதுப்பா. முதல்ல உன்னைச் சரி பண்ணிட்டு வான்னு டீச்சர் சொல்லிட்டாங்க. பேசாம படிப்பையே நிறுத்திடலாம்னு பாக்குறேன் லா."

எங்கள் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'கூட அன்று சோர்ந்து விழுந்தது.

அந்த வாரம் ஒரு மதியம் நல்ல மழை. காலைப் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் பிளாட்டின் நடைபாதை மதியத்திலேயே இருட்டாக இருந்தது. கம்பிக் கதவில் சாவியை நுழைத்தபோது உள்ளே மகளின் குரல் கேட்டது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லாம போனே?"

நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு "ச்சு" என்று ஒரு சத்தம். என் மனைவி பேசத் தொடங்குமுன் நாக்கால் தட்டுகிற அதே "ச்சு".

"நான் எங்க பாப்பா போனேன்?"

அது என் மனைவியின் குரல். சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டேன்.

ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையின் நாற்காலிகள் இரண்டு எதிரெதிராகக் கிடந்தன. ஒன்று காலி. இன்னொன்றில் என் மகள், அவள் அம்மாவைப் போலவே ஒரு காலை மடக்கி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

கோயிலில் யாருக்காவது அருள் வந்தால் நாங்கள் அவரைத் தொட மாட்டோம். கற்பூரம் ஏற்றி, வந்திருப்பது யார் என்று கேட்போம். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியது. சத்தமில்லாமல் உள்ளே போய், சாமி மேடையிலிருந்த தட்டில் கற்பூரம் ஏற்றி அவள் முன்னால் நீட்டினேன்.

"வந்திருக்கறது நீதானா? கோவமா இருக்கியா? பரீட்சை முடியட்டும், புள்ளைக்குச் சொல்லாதீங்கன்னு நீதான் அன்னிக்குக் காலையில சொன்னே. ஆனா கடைசியில 'பாப்பா எங்க'ன்னு கேட்டியே... அப்பவும் நான் போன் பண்ணல. பண்ணியிருந்தா உன் குரலையாவது கேட்டிருப்பா."

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மகள் கண்ணைத் திறந்தாள். கற்பூர வெளிச்சத்தில் அது யார் முகம் என்று ஒரு நொடி எனக்கு விளங்கவில்லை.

"அப்பா, நான்தான்பா. இது பயிற்சி. காலி நாற்காலியில அம்மா இருக்கறதா நெனச்சுப் பேசணும். அப்புறம் அதுல போய் உக்காந்து, அவங்க மாதிரி பதில் சொல்லணும்." தட்டைப் பார்த்தாள். "அதுக்குக் கற்பூரம் ஏத்துன ஒரே ஆளு நீங்கதான் லா."

சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. எழுந்து எதிர் நாற்காலிக்குப் போனாள்.

"நீங்க அம்மா நாற்காலியில உக்காருங்க. அம்மா எப்படிக் கேட்டாங்களோ, அப்படியே கேளுங்க."

அவள் அப்போதுதான் எழுந்த நாற்காலி அது. ஆனாலும் ஈரத் துணியைப் போலச் சில்லென்று இருந்தது.

"பாப்பா எங்க?" என்றேன். என் காதுக்கே அது என் குரலாகப் படவில்லை.

"இங்கதாம்மா இருக்கேன்," என்று சொல்லிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அம்மா போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. கற்பூரம் தானாக அணையும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

மறுவாரம் ஒரு சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ச்சு. இன்னிக்கு ஒருத்தங்க அம்மான்னு ஆரம்பிச்சாங்கப்பா. கடைசி வரைக்கும் கேட்டேன். நிறுத்தப் போறதில்ல."

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் கேட்டேன். "அந்த 'ச்சு' உனக்கு எப்ப வந்துச்சும்மா?"

"எந்த 'ச்சு'?" என்றாள். "நான் ஒன்னும் பண்ணலியே."

நிற்பது யார் என்று பார்க்க நான் சமையலறை விளக்கைப் போட்டேன்.