மகளின் பல்லும் எங்கள் குடியும்

மகளுக்குப் பால்பல் முளைக்கும்போதே மஞ்சளாகத்தான் முளைத்தது. ஆரையம்பதியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் குற்றம் என்று நானே முடிவு கட்டினேன். குடிக்கக் குழாய்த் தண்ணீர் பிடித்தோம். பல் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். மாறியது. புதுப்பல் அதைவிடப் பழுப்பாக, தொட்டால் உதிர்கிற மாதிரி வந்தது. ஐஸ்பழத்தைக் கடித்துவிட்டு அவள் துடித்த அன்றுதான் மட்டக்களப்பில் பல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்களும் புள்ளையிட அப்பாவும் சொந்தமா?"

"வேற குடி, டொக்டர்" என்றேன். என் கணவர் என் அம்மாவின் அண்ணன் மகன், அதையும் சொன்னேன். ஆனால் எங்களுக்குக் குடி, ஒரே குடிக்குள் கட்டக்கூடாத அந்த வம்சம், தாய்வழியில் வருவது. நான் என் அம்மாவின் குடி, அவர் அவருடைய அம்மாவின் குடி. கல்யாணம் பேசும்போது பெரியவர்கள் அதைத்தான் துருவித் துருவிப் பார்த்தார்கள். வேறு என்றதும் எல்லாருக்கும் நிம்மதி.

டொக்டர் சிரிக்கவில்லை. "குடி வேறதான். ஆனா உங்கட அம்மாவும் அவர்ர அப்பாவும் ஒரு தாய் பிள்ளைகள். பல்லுக்கு மேல எனாமல் செய்யிற மரபணு ஒண்டு பழுதாகி, அவங்க வழியா உங்க ரெண்டு பேருக்கும் வந்திருக்கு. ஒண்டு மட்டும் எண்டா பல் வெள்ளையாத்தான் இருக்கும், வெளியில தெரியாது. புள்ளைக்கு ரெண்டும் சேர்ந்திட்டுது. இவளுக்காவது சொந்தத்துக்குள்ள கலியாணம் செய்யாதீங்க."

பல்லுக்கு மூடி போடலாம், நல்ல பல்லாக்க முடியாது என்றார். எல்லாப் பல்லுக்கும் மூடி போட எங்களிடம் காசு இல்லை. இத்தனை வருசமும் கிணற்றைத் திட்டிய மடச்சி நான். அந்தக் கோபம் போக்கிடம் இல்லாமல் என்மேலேயே திரும்பியது.

இப்போது மகளுக்கு இருபத்திரண்டு வயது. வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். பெண் கேட்டு வந்த இரண்டு இடமும் அவள் பல்லைப் பார்த்ததோடு சரி. போன கிழமை என் மச்சாள், கணவரின் தங்கை, தன் மகனுக்குக் கேட்டு வந்தாள்.

"வெளியில ஆருகா எடுப்பாங்க? நம்மட புள்ளய நாமதானே பார்க்கணும். வேற குடிதானே" என்றாள். நல்ல மனம்தான்.

டொக்டர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். கதவோரம் நின்ற மகள் சிரித்தாள், கையை வாய்க்குக் கொண்டுபோகாமல். நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன்.

மச்சாளின் மகனுக்குப் பல் நல்ல வெள்ளை. எனக்கும் அப்படித்தான்.